கள்ளிப்பூச்சிச் சிவப்பு: ஓவியத்துக்கு ‘லேக்’ வண்ணம் தயாரிப்பது எப்படி?

மெக்ஸிகோவின் வாஹாகா பகுதியில் சப்பாத்திக்கள்ளி மடல்களில் அப்பிக்கொண்டு வளரும் சிவப்புச் சாயப் பூச்சி கொச்சினீல். அஸ்டெக் மக்கள் இதை நொச்செஸ்ட்லி, அதாவது கள்ளியின் ரத்தம், என்றார்கள். 16-ஆம் நூற்றாண்டில் இது ஸ்பானியக் கப்பல்களில் ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்ததும், அங்கே அதுவரை புழங்கிய கெர்மிஸ் என்ற பூச்சிச் சாயமும் அரக்குச் சாயமும் பின்னுக்குப் போயின. சாயநீரைப் படிகாரத்தால் பொடியாக்கும் வித்தை அங்கே முன்பே இருந்தது. இப்படிக் கிடைக்கும் வண்ணப்பொடிதான் ‘லேக்’. அந்தப் பெயரே இந்திய அரக்கைக் குறிக்கும் ‘லாக்’கிலிருந்து போனதுதான்.

உலர்ந்த பூச்சியைக் கடையில்தான் வாங்க வேண்டும். நம் ஊர்க் கள்ளியில் தெரியும் வெள்ளைப் பஞ்சுப்பூச்சி உதவாது. 1795-இல் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்ததும் சாயம் குறைந்த வேறொரு இனம். சாயத்தொழிலுக்கு உதவாமல் கள்ளியைத் தின்று தீர்த்ததுதான் மிச்சம்.

5 கிராம் பூச்சியைக் கல்வத்தில் மாவாக அரைத்து, 500 மில்லி காய்ச்சிவடித்த நீரில் இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் சிறு தீயில் அரை மணி நேரம் கொதிக்கவைத்து, மல் துணியிலும் பிறகு வடிதாளிலும் வடிகட்டுங்கள். பாத்திரம் கண்ணாடியோ எவர்சில்வரோ இருக்கட்டும். சமையலுக்குத் திரும்ப எடுக்காதீர்கள். இரும்புச் சட்டி பட்டால் நிறம் மங்கிக் கரு ஊதாவுக்குப் போகும். சுண்ணாம்புச் சத்துள்ள கிணற்று நீரிலும் ஊதா தட்டும்.

சாயநீர் சூடாக இருக்கும்போதே 10 கிராம் படிகாரத்தைக் கரையுங்கள். படிகநீர் இல்லாத (anhydrous) சோடியம் கார்பனேட் 3.5 கிராமை 100 மில்லி வெந்நீரில் தனியாகக் கரைத்து, கரண்டி கரண்டியாக ஊற்றிக் கிளறுங்கள். நுரை பொங்கும், ஆகவே 2 லிட்டர் பாத்திரம் வேண்டும். அமில-கார அளவைக் காட்டும் பி.எச். தாள் 6.5-ஐத் தொட்டதும் நிறுத்துங்கள். கரைசல் மிஞ்சினால் மிஞ்சட்டும். காரம் கூடினால் சிவப்பு ஊதாவாகும், படிந்த சாயமும் மறுபடி நீரில் இறங்கும். அவசரப்படுகிறவர்கள் கோட்டை விடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

மறுநாள் பொடி அடியில் தங்கி, மேல்நீர் வெளிர் ரோஜா நிறத்தில் நிற்க வேண்டும். அடர்சிவப்பாகவே நின்றால் படிகாரம் போதவில்லை: இன்னும் 2 கிராம் படிகாரமும் 0.7 கிராம் சோடியம் கார்பனேட்டும் சேருங்கள். மேல்நீரை இறுத்துவிட்டு, நல்ல நீரில் மூன்று முறை அலசுங்கள். அலசல் குறைந்தால் உப்பு தங்கி, உலர்ந்தபின் வெள்ளை பூக்கும். வடிதாளில் வடித்து நிழலில் உலர்த்துங்கள். கிடைப்பது சுமார் 2 முதல் 3 கிராம்.

17-ஆம் நூற்றாண்டுப் பட்டறைகளில் இவ்வளவு நேர்வழி எப்போதும் இல்லை. சாயமேற்றிய கம்பளித் துணியைக் கத்தரிக்கும்போது உதிரும் தூளைக் காரநீரில் வேகவைத்துச் சாயத்தைப் பிரித்ததும் உண்டு. பூச்சியின் விலை அப்படி.

பொடியைக் கண்ணாடிப் பலகையில் ஆளிவிதை எண்ணெய் விட்டுக் குழவியால் அரையுங்கள். எண்ணெய் நிறைய குடிக்கும், காய நாளாகும். இதைத் தனியாகத் தடித்துப் பூசினால் கறுத்துத்தான் தெரியும். சாதிலிங்கச் சிவப்போ வெள்ளை கலந்த இளஞ்சிவப்போ அடிப்பூச்சாகக் கொடுத்து, அது காய்ந்தபின் மெல்லிய படலமாக இரண்டு மூன்று தடவை மேலே ஓட்டுங்கள். வெளிச்சம் படலத்துக்குள் புகுந்து அடிப்பூச்சில் பட்டுத் திரும்பும்போதுதான் மாதுளைச் சிவப்பு எழும்.

வெயில்தான் இதற்கு எமன். பிரெஞ்சு ஓவியர் ரெனுவார் 1883-இல் வரைந்த மேடம் க்ளாபிசன் உருவப்படத்தில் பின்புலம் வெளிறிப்போயிருக்கிறது. சட்டத்துக்கு அடியில் ஒளிந்திருந்த விளிம்பில் மட்டும் பழைய சிவப்பு மிஞ்சியது. சிகாகோ கலைக்கூட ஆய்வில் அது கொச்சினீல் என்று தெரிந்தது. ஆகவே படத்தைத் தொடங்குமுன் ஒரு துண்டுத் தாளில் பூசி, பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, ஜன்னலோரம் இரண்டு மாதம் வைத்துப் பாருங்கள்.