சோபாவைப் பார்க்காமல் ஸ்பீக்கர் பாயின்ட் விடாதீர்கள்

ஹோம் தியேட்டர் வாங்குவதில் எல்லாரும் உஷாராகிவிட்டார்கள். விலை, வாட்ஸ், விமர்சனம் என்று எல்லாவற்றையும் அலசி முடித்துவிட்டுத்தான் பேச வருகிறார்கள். ஆனால் வாங்கியதை ஹாலில் எங்கே மாட்டுவது என்று வந்துவிட்டால், இந்தத் தொழிலில் நாங்களெல்லாம் ஆரம்பத்தில் செய்த அதே கோளாறுகள்தான் இன்றும் நடக்கின்றன. சிவப்பு ஒயரைச் சிவப்பில் சொருகு என்பதெல்லாம் பெட்டிக்குள் வரும் புத்தகத்திலேயே இருக்கிறது. அதை விட்டுவிடுகிறேன்.

மேல் மூலையில் பாயின்ட்

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். பூச்சு வேலைக்கு முன்னால் எலக்ட்ரீஷியன் காடி வெட்டிக்கொண்டிருப்பார். "சார், ஸ்பீக்கர் பாயின்ட் எங்கே விடலாம்?" என்று கேட்பார். வீட்டுக்காரருக்கு அப்போது கிச்சன் டைல்ஸ் கவலை. "மூலையில விட்டுடுங்க" என்பார். சீலிங்குக்கு அரை அடி கீழே, சுவர் முடியும் இடத்தில் பாயின்ட் பெட்டி உட்கார்ந்துவிடும். அப்புறம் பட்டி, பிரைமர், இரண்டு கோட் பெயிண்ட், ஃபால்ஸ் சீலிங். எல்லாம் முடிந்து ஸ்பீக்கர் மாட்ட ஆள் வரும்போதுதான் சோபாவே வீட்டுக்குள் வந்திருக்கும்.

தாம்பரம் பக்கம் ஒரு தனி வீடு. ஹால் 18 அடி நீளம், 12 அடி அகலம். பின்னால் டைனிங் டேபிள் போட்டதால் சோபா நடுவுக்கு வந்துவிட்டது. உட்காருபவர் தலையிலிருந்து பின் சுவர் 8 அடி. சரவுண்ட் எனும் பின்பக்க ஸ்பீக்கர்களுக்கான இரண்டு பாயின்ட்டும் அந்தச் சுவரின் மேல் மூலைகளில் இருந்தன. கணக்குப் போட்டுப் பாருங்கள். டிவியை நேராகப் பார்ப்பதை 0 டிகிரி என்று வைத்தால் காதுக்கு நேர் பக்கவாட்டு 90. 5.1 அமைப்பில் (முன்னால் மூன்று, சரவுண்ட் இரண்டு, ஒரு சப்வூஃபர்) சரவுண்ட் ஸ்பீக்கர் 110-லிருந்து 120 டிகிரிக்குள் வர வேண்டும், அதாவது பக்கவாட்டிலிருந்து சற்றே பின்னால். இந்த வீட்டில் அது 140-ஐத் தாண்டி முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. போதாக்குறைக்குக் காதைவிட 6 அடி உயரம்.

மாட்டிவிட்டுப் படம் போட்டோம். திரையில் ஒரு கார் வலப்பக்கம் வெளியேறுகிறது. அந்தச் சத்தம் முன் ஸ்பீக்கரில் முடிந்து, நம் தோளை ஒட்டிக் கடந்து, பின்னால் போய் மறைய வேண்டும். இங்கே முன்னால் நின்றது, அப்புறம் டைனிங் டேபிளுக்கு மேலே முளைத்தது. நடுவில் ஒன்றுமே இல்லை. "பரண்ல யாரோ ரேடியோ போட்ட மாதிரி இருக்கு" என்றார் வீட்டுக்காரர். அவர் சொன்னது சரிதான்.

கேசிங் பட்டை ஒட்டி ஒயரைக் கீழே இறக்கலாம் என்றோம். புது டெக்ஸ்சர் பெயிண்ட் மேல் பட்டையா என்று அவர் மனைவி ஒரே பேச்சில் மறுத்துவிட்டார். கடைசியில் பக்கச் சுவரில் புதிதாகக் காடி வெட்டி, பூசி, பட்டி பார்த்து, ஒட்டுப் போட்ட இடம் மட்டும் நிறம் தனியாகத் தெரிந்ததால் முழுச் சுவருக்கும் மறுபடி பெயிண்ட். அந்த ஒரு ஜோடி ஸ்பீக்கரின் விலையைவிடச் சுவருக்கு ஆன செலவு அதிகம். இவ்வளவுக்கும் காடி வெட்டும் நாளில் சோபா எங்கே வரும் என்று ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தால் போதும்.

இந்த மேல் மூலைப் பழக்கம் சும்மா வந்ததல்ல. 1987-ல் வந்த டால்பி புரோ லாஜிக் என்ற பழைய ஒலி முறையில் சரவுண்டுக்கென்று இருந்தது ஒரே மோனோ சேனல், அதாவது இடதிலும் வலதிலும் ஒரே சத்தம். அதிலும் 7 கிலோஹெர்ட்ஸுக்கு மேலான கீச்சுச் சத்தம் கிடையாது. இந்தப் பக்கம் என்று குறித்துச் சொல்ல அதில் எதுவும் இல்லாததால், மேலே எங்கே மாட்டினாலும் பெரிய நஷ்டமில்லை. டால்பி டிஜிட்டல் 5.1 வந்தபோது இடது, வலது இரண்டுக்கும் தனித்தனி முழுச் சேனல் கிடைத்தது. ஒயரிங் பழக்கம் மட்டும் பழைய காலத்திலேயே நின்றுவிட்டது. சினிமா தியேட்டரில் உயரத்தில்தானே இருக்கிறது என்று கேட்பவர்களும் உண்டு. அங்கே நூற்றுக்கணக்கான பேருக்குச் சத்தம் போக வேண்டும், சுவர் ஓரத்தில் உட்காருபவர் காதும் கிழியக் கூடாது. நம் வீட்டு ஹாலில் நாலு பேர்.

இன்னொரு நஷ்டமும் இருக்கிறது. காதிலிருந்து மேல் நோக்கி 30-லிருந்து 55 டிகிரி என்பது, தலைக்கு மேலிருந்தும் சத்தம் தரும் டால்பி அட்மாஸின் உயர ஸ்பீக்கர்களுக்கான இடம். சரவுண்டைக் கொண்டுபோய் அங்கே வைத்துவிட்டால், நாளைக்கு அட்மாஸ் போட்டாலும் மேலே பறக்கும் ஹெலிகாப்டரும் பக்கத்தில் பெய்யும் மழையும் ஒரே இடத்திலிருந்துதான் கேட்கும்.

சரி, எப்படிச் செய்வது? முதலில் சோபா, அப்புறம் பாயின்ட். நடுவில் உட்காருபவர் காதிலிருந்து பக்கச் சுவர் 5 அடி என்றால், காதுக்கு நேராகச் சுவரில் குறித்துவிட்டு, அங்கிருந்து 2 முதல் 3 அடி பின்னால் தள்ளுங்கள். உட்கார்ந்தால் காது தரையிலிருந்து மூன்று, மூன்றேகால் அடியில் இருக்கும். ஸ்பீக்கரை நாலிலிருந்து ஐந்து அடிக்குள் வையுங்கள். பக்கத்தில் இருப்பவர் தலையும் சோபா சாய்மானமும் மறைக்காது. சோபா இடம் மாறலாம் என்று சந்தேகம் இருந்தால் பக்கச் சுவரிலேயே இரண்டடி தள்ளி இன்னொரு பெட்டி விட்டு வையுங்கள். பயன்படாவிட்டால் மூடி போட்டுவிடலாம். கரண்ட் ஒயர் போகும் பைப்பிலேயே ஸ்பீக்கர் ஒயரை விடாதீர்கள். ஒரு இஞ்ச் பைப் தனியாகப் போட்டால் பின்னாளில் ஸ்பிரிங் விட்டு எந்த ஒயரையும் இழுக்கலாம்.

பின் சுவரோடு ஒட்டிய சோபா

பெரும்பாலான ஃபிளாட்டில் இதுதான் நிலைமை. இதில் பின்னால் இன்னும் இரண்டு ஸ்பீக்கர் சேரும் 7.1 கேட்காதீர்கள். பின் ஸ்பீக்கர் இரண்டும் தலைக்குப் பின்னால் சுவரில் ஒட்டி நின்று காதைக் குத்தும். 5.1 போதும்: காதுக்கு நேர் பக்கவாட்டில், பக்கச் சுவர்களில். 90 டிகிரிதான் கிடைக்கிறது என்றால் அதுவே நல்லது. முடிந்தால் சோபாவை ஒரு அடி முன்னே இழுங்கள். சுவரோடு ஒட்டினால் பாஸ் அளவுக்கு மீறி ஊதும்.

ஒரு பக்கம் சுவரே இல்லை

டைனிங் பக்கம் திறந்திருக்கிறதா? அந்தப் பக்கம் ஸ்டாண்ட் வையுங்கள். அதற்குப் பதில் எட்டத்தில் இருக்கும் அடுத்த சுவரில் மாட்டிவிட்டு, ஸ்பீக்கர்களை இயக்கும் பெட்டியைக் காட்டி "ரிசீவர் சரிபண்ணிக்கும்" என்று விடுவதுதான் வழக்கம். தாமதத்தையும் சத்த அளவையும் ரிசீவர் ஓரளவு சரிசெய்யும். கோணத்தை அதனால் திருப்ப முடியாது.

மின்விசிறி சுற்றும்போது மைக் வைப்பது

ஸ்பீக்கர்களைத் தானாகச் சரிசெய்ய ரிசீவரோடு வரும் மைக்கைச் சோபா மெத்தையில் போட்டு அளக்கிறார்கள். காது இருக்கும் உயரத்தில், கேமரா ஸ்டாண்டில் வையுங்கள். ஃபேன், ஏசி இரண்டும் அணைத்திருக்கட்டும். குக்கர் விசில் வந்தால் மறுபடி முதலிலிருந்து.

பின்னால் சத்தமே வரவில்லை என்று ஏற்றுவது

சரவுண்டில் எல்லா நேரமும் சத்தம் இருக்காது. இரண்டு பேர் உட்கார்ந்து பேசும் காட்சியில் அது சும்மா இருப்பதே சரி. காசு கொடுத்தோமே என்று அளவை ஏற்றினால், மழைக் காட்சி வரும்போது வசனம் மூழ்கிவிடும். படம் முழுக்கவே வரவில்லை என்றால் ஸ்பீக்கரை நகர்த்தாதீர்கள்; டிவியின் ஆடியோ செட்டிங் பிசிஎம்மில் (PCM) நிற்கிறதா என்று பாருங்கள். டிவியிலிருந்து ரிசீவருக்குச் சத்தம் கொண்டுபோகும் எச்டிஎம்ஐ இணைப்பான ஏஆர்சி (ARC) வழியாக அப்படி விட்டால் இரண்டு சேனல்தான் போகும்.

திரைச்சீலைக்குப் பின்னால் ஸ்பீக்கர்

வேண்டாம்.

இடது வலது மாற்றம்

ரிசீவரில் ஒவ்வொரு ஸ்பீக்கராக ஒலிக்கும் டெஸ்ட் டோன் போட்டுக் கேளுங்கள். ஒரு நிமிஷ வேலை.