சேர்வராயன் மலையின் செங்காந்தள்: விவரிப்பிலும் வகைப்பாட்டிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையின் இருபுறப் புதர்களிலும், குப்பனூர் வழியாகச் செல்லும் மலைப்பாதையின் வேலியோரங்களிலும், மழை நன்றாகப் பெய்த ஆண்டுகளில் செங்காந்தள் பூத்து நிற்கும். தமிழ்நாட்டின் மாநில மலர் என்பதால் பெயர் எல்லோருக்கும் தெரியும்; தாவரவியல் படிக்கும் மாணவர்கள் தங்கள் பதிவேட்டில் முதலில் சேர்த்துக்கொள்ள விரும்பும் செடிகளில் இதுவும் ஒன்று. ஆனால் அந்தப் பதிவேடுகளிலும், இணையத்தில் வெளியாகும் குறிப்புகளிலும், சில நூல்களிலுங்கூட இச்செடியைப் பற்றி ஒரே மாதிரியான பிழைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. பெரும்பாலானவை, செடி நிற்கும் இடத்தில் நின்று பார்க்காமல் படத்தையோ காய்ந்த மாதிரியையோ வைத்துக்கொண்டு எழுதுவதால் நேர்பவை.

முதலில் செடியின் வாழ்நாள். சித்திரை, வைகாசியில் அதே இடத்திற்குச் சென்றால் தரைக்கு மேல் எதுவும் இருக்காது. காய் முற்றியதும் தண்டும் இலையும் மஞ்சளாகிக் காய்ந்து உதிர்ந்துவிடுகின்றன. இதைப் பார்ப்பவர்கள் 'ஒருபருவச் செடி' என்று எழுதிவிடுகிறார்கள். உண்மையில் இது பல்பருவச் செடி. மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு வறண்ட மாதங்களை உறக்கத்தில் கழித்து, மழை விழுந்ததும் புதிய தண்டை அனுப்புகிறது. எனவே கோடையில் ஒரு சரிவைச் சுற்றிவந்துவிட்டு 'இங்கே செங்காந்தள் இல்லை' என்று முடிவுகட்டுவதும் தவறாகும். மலைத் தாவரங்களைப் பட்டியலிடும் எவரும் தாம் சென்ற மாதத்தைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும் என்பதற்கு இந்தச் செடியைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

அடுத்தது கிழங்கு. கலப்பைக்கிழங்கு, கண்வலிக்கிழங்கு என்ற பெயர்களால் நாட்டு மருத்துவர்களும் உழவர்களும் நன்கறிந்த இந்த உறுப்பைப் பலர் 'கிழங்கு வேர்' என்று எழுதுகிறார்கள். இது வேர் அன்று. உணவைச் சேமிக்கத் தடித்த தரைகீழ்த் தண்டு. இரண்டு கைகள் ஒரு முனையில் கூடி நிற்பதுபோல் வளைந்த வடிவம் கொண்டது. அதன் முளை மொட்டு கையின் நுனியில்தான் இருக்கிறது. நுனி முறிந்துபோனால் அந்தக் கை முளைக்காது என்பதை இதைப் பயிரிடும் உழவர்கள் நன்றாக அறிவார்கள். மொட்டைத் தாங்குவது தண்டின் இயல்பு என்பதால், விவரிப்பில் 'வேர்' என்ற சொல்லைக் கிழங்கிலிருந்து கிளம்பும் மெல்லிய நார்வேர்களுக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

இலையைப் பற்றிய பிழை இன்னும் பரவலானது. செங்காந்தள் பற்றி ஏறும் கொடி என்பது சரி. ஆனால் 'தண்டிலிருந்து பற்றுக்கம்பிகள் தோன்றுகின்றன' என்று எழுதுவது, பாகலையும் புடலையும் மனத்தில் வைத்துக்கொண்டு எழுதுவதாகும். இங்கே இலையின் நுனியே நீண்டு, மெலிந்து, சுருண்டு பற்றுக்கம்பியாகிறது. ஓர் இலையைக் கையில் எடுத்து, அடியிலிருந்து நுனிவரை விரலை ஓட்டிப் பார்த்தால் எங்கே இலைப்பரப்பு முடிகிறது, எங்கே கம்பி தொடங்குகிறது என்று கோடு போட முடியாது. அதோடு, செடியின் கீழ்ப்பகுதி இலைகளிலும் இளஞ்செடிகளிலும் இந்தச் சுருள் நுனி பெரும்பாலும் இருப்பதில்லை. அத்தகைய இளஞ்செடியை வேறு ஏதோ ஒரு செடியாக நினைத்து ஒதுக்கிவிடுவோர் உண்டு. இலையடுக்கமும் ஏமாற்றும்: ஒரே தண்டில் எதிரடுக்கமாகவும் (கணுவுக்கு இரண்டு, எதிரெதிரே), மாற்றடுக்கமாகவும் (கணுவுக்கு ஒன்று), சில கணுக்களில் மூன்று இலைகள் வட்டமாகவும் இருக்கக் காணலாம். ஒரு கணுவைப் பார்த்து ஒரே சொல்லில் எழுதாமல், கீழ்ப்பகுதி, நடுப்பகுதி, மேற்பகுதி என மூன்றையும் பார்த்து எழுதுவதே முறை. காம்பில்லாத இலை, நரம்புகள் ஒன்றுக்கொன்று இணையாக ஓடும் இணைப்போக்கு நரம்பமைவு ஆகிய இரண்டும் மாறுவதில்லை. ஒருவித்திலைத் தாவரம் என்பதற்கான முதல் சான்றும் அந்த நரம்பமைவுதான்.

பூவுக்கு வருவோம். பிழைகள் மிகுதியாகக் குவியும் இடம் இதுதான் என்பதால் சற்று நின்று பார்க்க வேண்டும்.

செங்காந்தளில் புல்லிவட்டம், அல்லிவட்டம் என்று பிரித்துக் காட்ட எதுவும் இல்லை. ஒரே தன்மையுடைய ஆறு பூவிதழ்கள், மும்மூன்றாக இரண்டு அடுக்கில் உள்ளன. 'ஆறு அல்லி இதழ்கள், புல்லி இதழ்கள் இல்லை' என்று எழுதினால், இல்லாத ஒன்றை இல்லை என்று சொல்லி, இருப்பதைத் தவறான பெயரால் அழைப்பதாக முடியும். 'பூவிதழ்கள் ஆறு, தனித்தவை' என்பதே போதும்.

நிறம் அடுத்த பொறி. அரும்பு பசுமையாக இருக்கும். மலர்ந்தவுடன் பசுமை கலந்த மஞ்சள். பிறகு அடிப்பகுதி மஞ்சளாகவும் மேற்பகுதி சிவப்பாகவும் மாறும். முதிர்ந்த பூவில் முழுவதும் ஆழ்ந்த சிவப்பு பரவிவிடும். ஒரே கொடியில் இந்த நிலைகள் அனைத்தையும் ஒரே நாளில் பார்க்கலாம். இதை உணராமல், மஞ்சளாகக் கண்ட பூவை ஒரு வகையாகவும் சிவப்பாகக் கண்ட பூவை மற்றொரு வகையாகவும் பிரித்து எழுதுவது நெடுங்காலப் பிழை. நிறத்தை எழுதும்போது பூவின் வயதையும் சேர்த்து எழுதினால் இந்தக் குழப்பமே எழாது.

இனி, மிக நுட்பமானதும் மிக அதிகமாக நேர்வதுமான பிழை. செங்காந்தள் பூ தலைகீழாகத் தொங்குகிறது. பூக்காம்பின் நுனி வளைந்து பூவைக் கீழ்நோக்கித் திருப்பிவிட, அலையலையான விளிம்புடைய பூவிதழ்களோ பின்னோக்கி மடிந்து மேலே எழும்பி நிற்கின்றன. இதனால், மேலே சுடர்விடும் இதழ்களுக்கும் கீழே, சூல்களைக் கொண்ட பச்சை நிறச் சூற்பை தொங்குவதாகக் கண்ணுக்குத் தெரிகிறது. மாணவர் உடனே 'கீழ்மட்டச் சூற்பை' என்று எழுதிவிடுகிறார். சூற்பையின் மட்டம் என்பது தரையை வைத்து அளப்பதன்று; பூத்தளத்தில், அதாவது பூவுறுப்புகளைத் தாங்கும் காம்பு நுனியில், மற்ற உறுப்புகள் எந்த இடத்தில் பொருந்தியுள்ளன என்பதை வைத்து அளப்பது. ஒரு பூவைப் பறித்து, காம்பு கீழே இருக்கும்படி நிமிர்த்திப் பிடித்து, இதழ்களின் அடிப்பகுதியைப் பார்த்தால், அவையும் மகரந்தத்தாள்களும் சூற்பைக்கு அடியில்தான் பொருந்தியிருப்பது தெரியும். ஆகவே இது மேல்மட்டச் சூற்பை. மூன்று அறைகள், அச்சுச் சூல் ஒட்டுமுறை (சூல்கள் நடு அச்சில் ஒட்டியிருப்பது). குறுக்கே ஒரு மெல்லிய துண்டு வெட்டிக் கைலென்சில் பார்த்தாலே இரண்டும் புலப்படும்.

அந்தச் சூற்பையின் முனையில் இன்னொரு விந்தை இருக்கிறது. சூலகத்தண்டு நேராகக் கீழே இறங்காமல், தொடங்கும் இடத்திலேயே ஏறத்தாழச் செங்கோணமாகத் திரும்பிப் பக்கவாட்டில் நீண்டு, முனையில் மூன்றாகப் பிரிகிறது. முதன்முதலில் பார்ப்பவர்கள் அது முறிந்துவிட்டதாக நினைக்கிறார்கள். மாதிரியை அழுத்தும்போது சிலர் 'சரிசெய்து' நேராக்கியும் வைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்வது இச்செடியின் தலையாய அடையாளம் ஒன்றை அழிப்பதாகும். ஆறு மகரந்தத்தாள்களும் சுற்றிலும் விரிந்து நிற்க, மகரந்தத்தை ஏற்கும் சூலகமுடி அவற்றிலிருந்து விலகி ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும் இந்த அமைப்பினால், பூவின் சொந்த மகரந்தம் தானாகவே அதன் சூலகமுடியில் விழுவது கடினமாகிறது. திருப்பூர் மாவட்டத்து மூலனூர்ப் பகுதியில் விதைக்காக இதைப் பயிரிடும் உழவர்கள், காலையில் பூப்பூவாகச் சென்று கையால் மகரந்தம் சேர்ப்பதற்கும் இதுவே காரணம். உருவத்தைப் பிழையாக எழுதினால் அந்த உழைப்பின் காரணமும் புரியாமல் போய்விடும்.

கனியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அது சதைக்கனி அன்று. முற்றியதும் மூன்றாகப் பிளக்கும் வெடிகனி. உள்ளே சிவந்த ஆரஞ்சு நிற விதைகள் உருண்டையாக இருக்கும். விதையின் நிறத்தைப் பார்த்துச் 'சதைப்பற்றான கனி' என்று எழுதுவதைத் தவிர்க்க வேண்டும்.

வகைப்பாட்டில் நேரும் பெரிய தவறு குடும்பப் பெயர். பெந்தம், ஹூக்கர் என்ற தாவரவியலாளர் இருவரின் முறையைப் பின்பற்றிய நூல்களில் செங்காந்தள் லில்லியேசி குடும்பத்தில் இருக்கும். நம் கல்லூரிகளில் அந்த முறை நெடுங்காலமாகக் கற்பிக்கப்பட்டு வருவதால் பலரும் அதையே எழுதுகிறார்கள். அந்தப் பழைய லில்லியேசி மிகப் பெரிய கூட்டு. வெங்காயம், சோற்றுக்கற்றாழை, தண்ணீர்விட்டான்கிழங்கு எல்லாம் அதில் இருந்தன. ஆறு பூவிதழ், ஆறு மகரந்தத்தாள், மேல்மட்டச் சூற்பை என்ற பொது ஒற்றுமையே அவற்றைச் சேர்த்து வைத்திருந்தது. 1998இல் முதன்முதலாக வெளியாகி 2016 வரை திருத்தப்பட்டுவந்த ஏ.பி.ஜி. (Angiosperm Phylogeny Group) என்ற தாவரவியலாளர் குழுவின் வகைப்பாட்டில், மரபணு வரிசைகளின் அடிப்படையில் அந்தக் கூட்டு கலைக்கப்பட்டது. வெங்காயம் அமரில்லிடேசிக்கும், தண்ணீர்விட்டான் அஸ்பராகேசிக்கும், சோற்றுக்கற்றாழை அஸ்போடெலேசிக்கும் சென்றன. செங்காந்தள் இப்போது லில்லியேல்ஸ் துறையின் (துறை என்பது குடும்பங்களின் தொகுதி) கால்ச்சிகேசி குடும்பத்தில் உள்ளது. கால்ச்சிசின் என்ற நச்சு அல்கலாய்டு இந்தக் குடும்பத்தின் தனி அடையாளமாக விளங்குவதால், வேதியியலும் இந்தப் பிரிப்பை ஆதரிக்கிறது. உண்மையான லில்லியேசிக்கு நம் மாநிலத்திலேயே எடுத்துக்காட்டு வேண்டுமென்றால், நீலகிரியிலும் பழனி மலையிலும் வளரும் வெண்ணிற லிலியத்தைப் பார்க்கலாம்.

பழைய முறையில் எழுதுவதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. எந்த முறையைப் பின்பற்றுகிறோம் என்று சொல்லாமல் எழுதுவதுதான் குற்றம். 'பெந்தம்–ஹூக்கர் முறைப்படி லில்லியேசி; ஏ.பி.ஜி. முறைப்படி கால்ச்சிகேசி' என்று ஒரு வரி எழுதினால் படிப்பவருக்குக் குழப்பம் இராது.

செங்காந்தளின் அறிவியல் பெயரான குளோரியோசா சூப்பர்பா என்ற இருசொற்பெயரை 1753இல் லின்னேயஸ் வெளியிட்டார். பழைய நூல்களில் மெத்தோனிக்கா சூப்பர்பா என்ற பெயரைக் கண்டால் அது வேறு சிற்றினம் என்று எண்ணிவிடக் கூடாது. அதுவும் இதே செடியின் பெயர்தான். தோட்டக்கலைப் பட்டியல்களில் வரும் ரோத்ஸ்சைல்டியானா என்ற பெயரும் இப்போது சூப்பர்பாவுக்குள்ளேயே அடக்கப்படுகிறது.

இன்னொரு தவறு பெருமிதத்தால் வருவது. மாநில மலர் என்பதால் 'தமிழ்நாட்டில் மட்டுமே வளரும் ஓரிடவாழ் தாவரம்' என்று எழுதிவிடுகிறார்கள். செங்காந்தள் நமக்கு இயல் தாவரம், அதாவது இம்மண்ணில் இயல்பாகவே வளர்வது, ஐயமில்லை. ஆனால் அது ஆசியாவின் வெப்பப் பகுதிகளிலும் ஆப்பிரிக்காவிலும் பரவி வளர்கிறது. ஜிம்பாப்வே நாட்டின் தேசிய மலரும் இதுவே. ஓரிடவாழ் தாவரத்திற்குச் சேர்வராயனிலேயே எடுத்துக்காட்டு தேவையெனில், இம்மலையின் பெயரையே சிற்றினப் பெயராகக் கொண்ட வெர்னோனியா ஷெவராயென்சிஸ் என்ற மரத்தைச் சொல்லலாம். இயல் தாவரம் என்பதும் ஓரிடவாழ் தாவரம் என்பதும் வெவ்வேறு செய்திகள்.

கடைசியாக, மாதிரி சேகரிப்பு. விவரிப்பு முழுமையாக வேண்டும் என்பதற்காகக் கிழங்கைத் தோண்டி எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அதைத் தயவுசெய்து தவிர்க்க வேண்டும். பூவும் இலையும் கொண்ட கிளையே அடையாளம் காணப் போதுமானது. கிழங்கு போனால் அந்த இடத்தில் அந்தச் செடி இனி முளைக்காது. மேலும் செடியின் எல்லாப் பகுதிகளிலும் கால்ச்சிசின் உண்டு; கிழங்கும் விதையும் மிகக் கொடியவை. காட்டு வள்ளிக்கிழங்கு என்று தவறாக எண்ணித் தின்றால் உயிருக்கே ஆபத்து. வேகவைத்தாலும் நஞ்சு நீங்காது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் சில மணி நேரம் கழித்தே தொடங்குவதால், தொடக்கத்தில் ஒன்றும் ஆகவில்லை என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

அழுத்திய மாதிரியில் சில நாட்களிலேயே சிவப்பு மங்கிப் பழுப்பாகிவிடும். பூ தொங்கிய திசையும் சூலகத்தண்டின் வளைவும் தாளில் தெரியாமல் போகும். எனவே பூவின் நிறம், அதன் வயது, இதழ்கள் மடிந்திருந்த விதம், செடி பற்றியிருந்த புதர், இடம், உயரம், நாள் ஆகியவற்றைச் செடியின் முன்னால் நின்றே எழுதி, காம்பு மேலிருக்கும்படி ஒரு பூவைப் பக்கவாட்டில் படமெடுத்து, அந்தக் குறிப்பையும் படத்தையும் மாதிரியோடு சேர்த்தே வைக்க வேண்டும்.