ரெண்டு பேருக்கும் ஹெர்பிஸ் இருந்தா இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

எனக்கும் ஹெர்பிஸ் (உடலுறவுல, தோலோட தோல் படறதுல ஒட்ற கொப்புள நோய்) இருக்கு, எங்க வீட்டுக்காரருக்கும் இருக்கு. மொத தடவ எனக்குத் தொடைல கொத்தா கொப்புளம் வந்தப்போ எங்க அத்தை பாத்துட்டு இது அக்கின்னு சொல்லி, குடியாத்தம் பக்கம் ஒரு கொயவர் வீட்டுக்குக் கூட்டிக்கினு போயி காவி கொழைச்சு எழுத வச்சாங்க, ரெண்டு வாரத்துல ஆறிடுச்சு, எழுதுனதாலதான் ஆறுச்சுன்னு நம்பிக்கினு இருந்தேன். ஹெர்பிஸ் புண்ணு தானாவே ஆறும், அப்புறம் திரும்ப வரும். அக்கின்றது சின்னம்மை வைரஸ் பண்ற வேல, இது வேற வைரஸ். மூணாவது தடவையும் அதே இடத்துல வந்தப்புறம்தான் ஆஸ்பத்திரிக்கே போனோம்.

அடுத்த தப்பு, ரெண்டு பேருக்கும்தான் இருக்கே, இனிமே இன்னா பயம்னு விட்டுடறது. ஹெர்பிஸ்ல டைப் 1, டைப் 2ன்னு ரெண்டு இருக்கு. ரெண்டு பேருக்கும் ஒரே டைப்னா ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தருக்குப் புதுசா ஒட்றது ரொம்ப அபூர்வம், உடம்புல ஏற்கனவே எதிர்ப்பு சக்தி இருக்கு. ஆனா ஒருத்தருக்கு டைப் 1, இன்னொருத்தருக்கு டைப் 2ன்னா இல்லாத டைப் இன்னும் ஒட்டலாம். அதனால டைப் தெரியாம முடிவு பண்ணாதீங்க. ஐஜிஎம்னு ரத்தத்துல பாக்கற டெஸ்ட்ட நம்பாதீங்க, அது டைப்பையும் சரியா சொல்லாது, எப்ப வந்ததுன்னும் சொல்லாது.

எங்க வீட்ல பெரிய சண்டையே இதுலதான். அவருக்குப் புண்ணு வந்தா உன்னாலதான்னுவாரு, எனக்கு வந்தா நான் அவர சொல்லுவேன், தட்டு, துண்டு எல்லாம் தனியா வச்சிக்கினோம். டாக்டரம்மா சொன்னப்புறம்தான் புரிஞ்சுது, வைரஸ் அவங்கவங்க நரம்புக்குள்ள படுத்துக்கினு இருக்கும், காய்ச்சல், டென்ஷன், தூக்கம் இல்லாதது இப்படி எதுலயாவது எழுந்திரிக்கும், என்னோட புண்ணு அவரக் கெளப்பி விடாது. வருஷக்கணக்கா வெளியில தெரியாமயும் இருக்கும், அதனால இப்ப புண்ணு வந்ததை வச்சு புருஷன் பொண்டாட்டி ஒருத்தர ஒருத்தர் சந்தேகப்படாதீங்க, ப்ளீஸ்.

புண்ணு இருக்கறப்போ மட்டும் சேர வேணாம், தோல் காஞ்சு முழுசா ஆறட்டும். வலிக்கும், ஆறவும் லேட்டாகும், பிளந்த தோல் வழியா எச்ஐவி மாதிரி வேற நோய் ஈசியா நுழையும். புண்ணத் தொட்ட கையோட கண்ணத் தொடாதீங்க, நோய் வந்த மொத சில மாசம் இது ரொம்ப முக்கியம். காண்டம் ஒட்டறதக் கொறைக்கும், முழுசா தடுக்காது.

மாசமா இருக்கறவங்க வெக்கப்பட்டு மறைக்காதீங்க. பழைய நோய்னா கொழந்தைக்கு ஆபத்து கம்மி, கடைசி 3 மாசத்துல புதுசா ஒரு டைப் ஒட்டுனாதான் பெரிய ஆபத்து, அதுக்குத்தான் புருஷனோட டைப்பும் தெரியணும்னு சொல்றேன். 36 வாரத்துல இருந்து அசைக்ளோவிர்னு வைரஸ அடக்கற மாத்திர குடுப்பாங்க, பிரசவ நேரத்துல புண்ணு இருந்தா ஆபரேஷன் பண்ணி எடுப்பாங்க.

கொப்புளம் வந்த ஒண்ணு ரெண்டு நாளுக்குள்ளயே போங்க, அப்பதான் அதுல இருந்து தண்ணி எடுத்து பிசிஆர்னு வைரஸ கண்டுபிடிக்கற டெஸ்ட் பண்ணா டைப் சரியா தெரியும். மஞ்சள், காவி எதையும் பூசாம போங்க. வேலூர் பக்கம் அடுக்கம்பாறை பெரியாஸ்பத்திரில காட்டலாம். எங்க போறதுன்னு தெரியலைன்னா 1097க்கு போன் பண்ணுங்க, அது அரசாங்கத்தோட எய்ட்ஸ் ஹெல்ப்லைன், காசு கெடையாது, தமிழ்லயே பேசலாம்.