மென்மையான உடலுக்கு அந்தரங்கச் சாதனம்: முதலில் பொருளைப் பாருங்கள்

எளிதில் எரிச்சலோ வலியோ காணும் உடல்வாகு உள்ளவர்கள் அந்தரங்க இன்பச் சாதனம் வாங்கும்போது, அதன் வடிவத்தையும் வேகத்தையும் பார்ப்பதற்கு முன், அது எந்தப் பொருளால் ஆனது என்று கேட்பதே சரி என்பது என் உறுதியான கருத்து. மருத்துவத் தரச் சிலிக்கோனில் நுண்துளைகள் இல்லாததால் அதை முழுமையாகக் கழுவிவிட முடியும். ஜெல்லிபோல் குழைவான மலிவு வகைகளிலோ நுண்துளைகளுக்குள் கிருமிகள் தங்குவதோடு, பிளாஸ்டிக்கைக் குழைவாக்கச் சேர்க்கும் தாலேட் என்னும் வேதிப்பொருளும் கலந்திருக்கக்கூடும். உறையைப் பிரித்ததும் ரப்பர் நெடி மூக்கில் ஏறினால், அதைத் தயங்காமல் ஒதுக்கிவிடுங்கள். பிறகு விரல் நுனியால் மெல்ல வருடிப் பாருங்கள். அச்சில் வார்த்தபோது விழுந்த இணைப்புக்கோடு நகத்தில் தட்டுப்பட்டால், அது மென்தோலையும் உரசும். இத்தகைய சாதனங்களின் பாதுகாப்புக்கென்றே ஐஎஸ்ஓ 3533 என்னும் பன்னாட்டுத் தரநிலை 2021-இல் வெளியாகியிருப்பதால், விவரக் குறிப்பில் அந்த எண் உள்ளதா என்றும் கவனிக்கலாம். அளவில் சிறியதாகவும், அதிர்வை மிகக் குறைந்த நிலையிலிருந்து படிப்படியாகக் கூட்டக்கூடியதாகவும் இருப்பது தொடக்கத்துக்கு ஏற்றது. சிலிக்கோன் மசகு (உரசலைக் குறைக்கத் தடவும் வழுக்குத் திரவம்) சிலிக்கோன் சாதனத்தின் மேற்பரப்பைக் கெடுத்துவிடக்கூடும் என்பதால், நீர் அடிப்படையிலான, மணமூட்டாத மசகையே பயன்படுத்துங்கள். இவ்வளவுக்குப் பிறகும் வலி நீடித்தால், அதைப் பொறுத்துக்கொள்ளாமல் மருத்துவரிடம் கூச்சமின்றிச் சொல்லுங்கள்.