வாளையாறு சாலையில் காரை மறித்தால்: தப்பிக்கும் முறை, படிப்படியாக

கோயம்புத்தூரிலிருந்து பாலக்காடு செல்லும் 544 ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், மதுக்கரையைக் கடந்து எட்டிமடை, க.க.சாவடி, மாநில எல்லையிலுள்ள வாளையாறு என்று போகும் பகுதியில் ஒருபுறம் மலையும் காடுமாக இருக்கும். இரவு பத்து மணிக்கு மேல் லாரிகளைத் தவிர வேறு துணை இருக்காது. 2024 ஜூனில் மதுக்கரைப் பக்கம் கேரளத்தவர் சிலர் வந்த காரை ஒரு கும்பல் மறித்துத் தாக்கிய காட்சி, அந்த வண்டியின் டேஷ்கேமராவில் பதிவாகி இரு மாநிலத்துக் கைபேசிகளிலும் சுற்றியது. உள்ளே இருந்தவர்கள் கதவைத் திறக்காமல் வண்டியை ஓட்டிக்கொண்டே போய்த் தப்பினார்கள். சிலம்பமோ கராத்தேயோ தெரியாத ஒருவர் அதே காரியத்தைச் செய்வது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். கஞ்சிக்கோட்டில் வேலை பார்க்கும் நான் இந்தச் சாலையில் ஒன்பது ஆண்டுகளாகக் காரோட்டி வருகிறேன்.

படி 1: புறப்படும் முன் உங்கள் வண்டியை அறிந்துகொள்ளுங்கள்

பல கார்களில் வண்டி சற்று வேகமெடுத்ததும் கதவுகள் தாமாகப் பூட்டிக்கொள்ளும்; ஆனால் சில வண்டிகளில் எஞ்சினை அணைத்த உடனே நான்கு கதவுகளும் திறந்துவிடும். உங்கள் வண்டி எந்த வகை என்பதை வீட்டு வாசலில் வைத்தே சோதித்துப் பாருங்கள். பின்கதவைத் திறந்தால் அதன் ஓரத்தில், பூட்டுக்குக் கீழே, குழந்தைப் பூட்டுக்கான சிறிய நெம்பி இருக்கும். அது போடப்பட்டிருந்தால் உள்ளிருந்து எவ்வளவு இழுத்தாலும் கதவு திறக்காது. வாடகைக் காரில் ஏறும்போது கதவு முழுவதுமாகத் திறந்திருக்கும் அந்த நொடியிலேயே இதைக் கண்ணால் பார்த்துவிடலாம். ஓட்டுநர் என்ன நினைப்பார் என்று கூச்சப்பட வேண்டியதில்லை.

கைபேசியில் அவசர அழைப்புக்கான குறுக்குவழியை அமைத்துவிடுங்கள். 112 என்ற எண் இரு மாநிலங்களிலும் வேலை செய்யும். வாளையாற்றை நெருங்கும்போது கைபேசி எந்த மாநிலத்துக் கோபுரத்தைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது என்பதால், மறுமுனையில் மலையாளம் கேட்டால் தடுமாறாமல் ஊர்ப்பெயரையும் எந்தத் திசையில் போகிறீர்கள் என்பதையும் முதலில் சொல்லுங்கள். வண்டி பழுதாகி நின்றால் நெடுஞ்சாலை உதவிக்கு 1033 இருக்கிறது.

படி 2: இடைவெளி விடுங்கள்

எல்லாப் படிகளிலும் இதுவே முக்கியமானது என்பது என் கருத்து. சிக்னலிலோ நெரிசலிலோ நிற்கும்போது, முன்னால் நிற்கும் வண்டியின் பின்சக்கரங்கள் தரையைத் தொடும் இடம் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அது தெரிந்தால், பின்னுக்கு எடுக்காமலேயே திருப்பி வெளியேறப் போதுமான இடம் இருக்கிறது என்று பொருள். கியர் வண்டியென்றால் முதல் கியரில் கிளட்சை மிதித்து நில்லுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் ‘டி’யில் பிரேக்கை மிதித்து நில்லுங்கள். சாலை நடுச்சுவரை ஒட்டிய தடத்தில் நின்றால் ஒரு பக்கம் அடைபட்டுவிடும். இடது தடத்தில் நின்றால் மண் ஓரமாவது கிடைக்கும்.

படி 3: நிறுத்தச் சொன்னால் வெளிச்சத்துக்குப் போங்கள்

இரண்டு ஆண்டுகளுக்கு முன் எட்டிமடையைத் தாண்டியதும் பைக்கில் வந்த இருவர் என் ஜன்னலுக்கு இணையாக ஓட்டிக்கொண்டு, “அக்கா, பின் டயர்ல காத்தே இல்லீங்க, ஓரம் கட்டுங்க” என்று கை காட்டினார்கள். குரலில் அத்தனை அக்கறை. ஆனால் ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுக்கவில்லை, பின்பக்கம் அதிரவும் இல்லை. நன்றி என்று கையசைத்துவிட்டு, வேகத்தைச் சற்றுக் குறைத்து, அடுத்த பெட்ரோல் பங்க் வரை போய்த்தான் இறங்கினேன். நான்கு டயர்களும் கல்லுப் போல இருந்தன. அவர்கள் நல்லெண்ணத்தில் தவறாகச் சொன்னவர்களாகவும் இருக்கலாம், எனக்குத் தெரியாது. உண்மையிலேயே காற்று இறங்கியிருந்தாலும், மெதுவாக ஓட்டினால் டயர் கெடுமே தவிர வண்டி ஒரு கிலோமீட்டர் போய்விடும். டயரின் விலையை அந்த நேரத்தில் கணக்குப் பார்க்கக் கூடாது.

யாரோ பின்தொடர்வதாகத் தோன்றினால் வீட்டுக்குப் போகாதீர்கள். சுங்கச்சாவடி, காவல் சோதனைச் சாவடி, ஆள் நடமாட்டமுள்ள பங்க் ஆகியவற்றில் எது அருகில் இருக்கிறதோ அங்கே போங்கள். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து வணிகவரிச் சோதனைச் சாவடி மூடப்பட்ட பிறகு, வாளையாற்றில் கிலோமீட்டர் கணக்கில் நின்ற லாரி வரிசையும் போய்விட்டது. முன்பெல்லாம் அந்த வரிசையே நமக்குக் காவல்.

பின்னால் வந்து லேசாக இடித்துவிட்டு இறங்கச் சொல்வது பழைய தந்திரம். விபத்து நடந்தால் நின்று உதவ வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134 ஆம் பிரிவு சொல்கிறது. கூட்டத்தின் ஆத்திரத்தாலோ தன் கட்டுப்பாட்டை மீறிய வேறு காரணத்தாலோ அது இயலாதபோது விலக்கும் அதே பிரிவில் இருக்கிறது. ஆகவே யாருக்கும் காயமில்லாத சிறு இடிப்பில், சந்தேகம் இருந்தால், விளக்கை மின்னவிட்டுப் பின்னால் வரும்படி சைகை காட்டிக் காவல் நிலையத்துக்கே ஓட்டுங்கள்.

படி 4: முன்னால் வண்டியைக் குறுக்கே போட்டால்

கதவைத் திறக்காதீர்கள், எஞ்சினை அணைக்காதீர்கள், ஹாரனிலிருந்து கையை எடுக்காதீர்கள். பின்னால் இடம் இருந்தால் உடலைத் திருப்பிப் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தபடி நேராகப் பின்னுக்கு எடுங்கள். வேகமாகப் பின்னெடுக்கும்போது ஸ்டியரிங்கைச் சற்றே திருப்பினாலும் வண்டி வளைந்துகொண்டு போகும். பின்னாலும் அடைத்திருந்தால் மண் ஓரத்தில் ஏறிப் போக முடியுமா என்று பாருங்கள். மறித்த வண்டியை இடித்துத் தள்ளுவது படத்தில் நன்றாக இருக்கும். நிஜத்தில் ஏர்பேக் விரிந்து, வண்டியே நின்று போகக்கூடும். புதிதாகக் கற்பவர்கள் அதை வழியாகவே எண்ண வேண்டாம்.

படி 5: ஜன்னல் வழியாகக் கை நுழைந்தால்

கண்ணாடியை ஒரு விரற்கடைக்கு மேல் இறக்காமல் இருந்தால் இந்தப் படியே தேவைப்படாது. மீறிக் கை உள்ளே வந்து சட்டையைப் பிடித்துவிட்டால், வெளிப்பக்கம் இழுபடாமல் காரின் நடுப்பக்கம் சாயுங்கள். உங்கள் இரு கைகளாலும் அந்த மணிக்கட்டைப் பிடித்து உங்கள் மார்போடு அழுத்திக்கொண்டு, உடல் எடை முழுவதையும் இடப்பக்கம் சாய்த்தால், அவனுடைய முழங்கை ஜன்னல் விளிம்பில் மாட்டி நேராகும். அந்த வலியில் பிடி தளரும். தளர்ந்த கணமே கையை விட்டு வண்டியை எடுங்கள். தொடர்ந்து முறுக்கிக்கொண்டிருப்பதில் உங்களுக்கு லாபமில்லை.

கத்தியோ துப்பாக்கியோ நெருக்கத்தில் நீட்டப்பட்டிருந்தால் இந்த வித்தை எதுவும் வேண்டாம். பை, நகை, சாவி எதைக் கேட்டாலும் கொடுத்துவிடுங்கள். “பெல்ட்டைக் கழற்றுகிறேன்” என்று வாயால் சொல்லிவிட்டே கையை அசையுங்கள். பின்னிருக்கையில் குழந்தை இருந்தால் அதை உரக்கச் சொல்லி, குழந்தையைக் கையில் எடுத்த பிறகே விலகுங்கள்.

படி 6: தாக்குபவர் காருக்குள்ளேயே இருந்தால்

பின்னிருக்கையிலிருந்து ஒருவர் ஓட்டுபவரின் கழுத்தில் கையைச் சுற்றினால், முதல் வேலை தாடையைக் கீழிறக்கி அவருடைய முழங்கை மடிப்புக்குள் புதைப்பது. இரு கைகளாலும் அந்தக் கையைக் கீழ்நோக்கி இழுத்து மூச்சுக்கு இடம் பண்ணிக்கொண்டு, முகத்தை அந்த மடிப்பின் பக்கமே திருப்புங்கள். மறுபக்கம் திருப்பினால் பிடி இன்னும் இறுகும். வண்டி மெதுவாக ஓடிக்கொண்டிருந்தால் பிரேக்கை ஓங்கி மிதியுங்கள். நீங்கள் பெல்ட் அணிந்திருப்பீர்கள், பின்னால் இருப்பவர் பெரும்பாலும் அணிந்திருக்க மாட்டார்.

நீங்கள் பயணியாகப் பின்னால் இருந்து, கார் வழிமாறிக் கடத்திச் செல்லப்படுகிறது என்று உறுதியானால், வேகமாக ஓடும் வண்டியில் ஓட்டுநரைத் தாக்காதீர்கள். வேகத்தடையோ சுங்கச்சாவடியோ வரும்வரை பொறுத்திருந்து, வண்டி ஊர்ந்ததும் இறங்குங்கள். கதவு திறக்காவிட்டால் பக்கக் கண்ணாடியை உடைக்கலாம். அதன் நடுவில் குத்தினால் அசையாது, மூலையில் கூரான உலோகத்தால் அடித்தால் பொடிப்பொடியாக உதிரும். முன்கண்ணாடி இரு அடுக்குக் கண்ணாடிக்கு இடையே படலம் வைத்துச் செய்யப்படுவதால் அதில் முயல வேண்டாம். இறங்கியதும் கார் எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறதோ அதற்கு எதிர்த்திசையில் ஓடுங்கள். துரத்த வேண்டுமானால் அவர்கள் வண்டியைத் திருப்பியாக வேண்டும். ஓடும்போது “கள்ளன், கள்ளன்” என்றோ “தீ, தீ” என்றோ கத்துங்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் தமிழருக்கும் அந்தப் பக்கம் மலையாளிக்கும் ஒரே சொல்லில் புரியும் சொற்கள் இவை.

படி 7: பழகுங்கள்

வாசலில் நிற்கும் வண்டியில் அமர்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, இடுப்பின் இடப்பக்கம் இருக்கும் பெல்ட் கொக்கியை இடக்கையால் விடுவித்து, வலக்கையால் கதவைத் திறந்து இறங்குங்கள். முதல் நாள் என் அக்கா மகன் கடிகாரம் பார்த்தபோது எனக்குப் பதினொரு விநாடி ஆனது; “சித்தி, அதுக்குள்ள அவன் சாவியையும் எடுத்துட்டுப் போயிருப்பான்” என்றான். ஒரு வாரத்தில் நான்குக்கு வந்துவிட்டேன்.

படி 8: தப்பிய பின்

தற்காப்பு உரிமை, இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் இருக்கிறது; தற்காப்புக்குத் தேவையான அளவைத் தாண்டித் தீங்கு செய்யக் கூடாது என்பதை 37 ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே ஆள் விலகியதும் உங்கள் அடியும் நிற்க வேண்டும். சம்பவம் நடந்த இடம் தமிழ்நாடா கேரளமா என்று குழம்பிப் புகாரைத் தள்ளிப்போடாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173 ஆம் பிரிவின்படி, எல்லை எதுவானாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகாரைப் பதிவு செய்யலாம். வண்டியின் எண், நிறம், எந்தப் பக்கம் போனது என்பதை உடனே கைபேசியில் குரலாகப் பதிந்துவையுங்கள். டேஷ்கேமரா இருந்தால் வண்டியை மறுபடி ஓட்டுவதற்கு முன் அதன் மெமரி கார்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். விட்டுவிட்டால் புதிய பதிவு பழையதன் மேல் ஏறிவிடும்.