எந்த போல்ட்டுக்கு டார்க் ரென்ச், எதற்குக் கை போதும்?

போன ஆடியில் ஆரல்வாய்மொழி தாண்டி வரும்போது பின் டயர் பஞ்சர். காற்று வண்டியையே ஆட்டுகிறது, வீல் ஸ்பேனரைப் போட்டு அதன் மேல் ஏறி நின்றும் நட்டு அசையவில்லை. இரண்டு வாரம் முன்னால் டயர் மாற்றிய கடையில் ஏர் கன்னை வைத்து இறுக்கி விட்டிருந்தார்கள். கடைசியில் லாரி டிரைவர் ஒருவர் நிறுத்தி, ஸ்பேனர் கைப்பிடியில் நீளக் குழாய் ஒன்றைச் சொருகித் திறந்து தந்தார். "தம்பி, இப்படி முறுக்கினா ஸ்டட்டு தாங்காது, கேட்டியா" என்றார். ஸ்டட்டு என்றால் வீல் நட்டு ஏறுகிற மரைக் கம்பி.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 30 செ.மீ. ஸ்பேனரின் நுனியில் 70 கிலோ ஆள் நின்றால் முறுக்கு விசை 200 நியூட்டன் மீட்டரைத் தாண்டும். என் வண்டி மேனுவலில் வீல் நட்டுக்குப் போட்டிருப்பது 85. அதாவது நுனியில் 29 கிலோ அளவுக்கு அழுத்தினாலே போதும்.

இறுக்கும்போது போல்ட் லேசாக நீளும், ரப்பர் மாதிரி திரும்பச் சுருங்கப் பார்க்கும், அந்த இழுப்புதான் இரண்டு பாகத்தையும் சேர்த்துப் பிடிக்கிறது. குறைந்தால் கழன்று வரும், கூடினால் நீண்டது நீண்டபடி நின்று பிடிப்பு போய்விடும், இல்லையென்றால் மரை அறுந்துவிடும்.

எல்லா போல்ட்டுக்கும் இந்தக் கணக்கு வேண்டாம். நம்பர் பிளேட், மட்கார்டு கிளிப், ஏர் ஃபில்டர் மூடி, பேட்டரி கிளாம்ப் இதெல்லாம் கை இறுக்கமே போதும். வீல் நட்டு, பிரேக் காலிப்பர், சஸ்பென்ஷன், ஸ்பார்க் பிளக், ஆயில் டிரெயின் போல்ட், இஞ்சின் ஹெட் (சிலிண்டர்களின் மேல் மூடி) ஆகியவற்றைக் கைக்கணக்கில் விடாதீர்கள், எவ்வளவு முறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரென்ச்சை எடுங்கள். அலுமினியத்துக்குள் இரும்பு போல்ட் போகிற இடம் என்றால் இன்னும் கவனம், மரை போனால் செலவு நூறில் நிற்காது. வாஷர் உள்ள 14 மி.மீ. ஸ்பார்க் பிளக்குக்கு அலுமினிய ஹெட்டில் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர்தான் கணக்கு. இஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, முதல் சுற்றுகளை விரலாலேயே ஏற்றுங்கள், ஸ்பேனர் வைத்து ஆரம்பித்தால் மரை கோணலாக ஏறுவது கைக்குத் தெரியாது. ரென்ச் இல்லையென்றால் புது பிளக்கை விரலால் முட்டும்வரை ஏற்றி, அப்புறம் அரைச் சுற்றிலிருந்து முக்கால் சுற்றுக்குள் நிறுத்துங்கள். டிரெயின் போல்ட்டுக்கு ஒவ்வொரு தடவையும் புது வாஷர் போடுங்கள், ஒழுகுகிறதே என்று மேலும் மேலும் முறுக்குவதில்தான் சம்ப் (அடி ஆயில் தொட்டி) மரை போகிறது.

ஹெட் போல்ட் தனி விஷயம். பல இஞ்சின்களில் ஓரளவு இறுக்கிவிட்டு அதற்கு மேல் இத்தனை டிகிரி திருப்பு என்று போட்டிருக்கும், அந்த வகை போல்ட்டைப் பெரும்பாலும் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. நடுவிலிருந்து வெளியே போகிற வரிசையும் முக்கியம். முதல் தடவை என்றால் தெரிந்த மெக்கானிக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

இனி நம்ம ஊர்ப் பிரச்சினை. குளச்சல், முட்டம், மணக்குடி என்று கடலோரம் வண்டி நிற்கிறவர்களுக்கு உப்புக் காற்றில் ஸ்டட் மரை சீக்கிரம் துருப்பிடிக்கும். நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் பிடிப்பாக மாறுகிறது, மீதி முழுக்க உராய்வில் போகிறது. துரு இருந்தால் உராய்வு கூடி, ரென்ச் 85 என்று சொல்லும், உள்ளே பிடிப்பு அதற்கேற்ப இருக்காது, வெகுவாகக் குறைந்திருக்கும். அதற்காகக் கிரீஸ் தடவுகிற பழக்கம் இங்கே நிறைய உண்டு, அது நேர் எதிர் தப்பு. மேனுவல் வேறு மாதிரி சொல்லாத வரை அந்த எண் உலர்ந்த, சுத்தமான மரைக்கானது. கிரீஸ் போட்டால் அதே 85-இல் ஸ்டட் அளவுக்கு மீறி இழுபடும். கம்பி பிரஷ்ஷால் மரையைத் தேய்த்து, துணியால் துடைத்து, உலர்ந்தபடியே மாட்டுங்கள். நட்டு விரலால் சுலபமாக ஓடணும், ஓடவில்லையென்றால் ஸ்டட்டையும் நட்டையும் மாற்றிவிடுங்கள்.

வைத்த அளவு வந்ததும் 'கிளிக்' என்று சத்தம் தரும் வகை ரென்ச் என்றால் மெதுவாக, ஒரே சீராக இழுத்து முதல் கிளிக்கிலேயே நிறுத்துங்கள், உறுதிக்காக இன்னொரு தடவை கிளிக் பண்ணினால் அளவைத் தாண்டிவிடும். கழற்றுவதற்கு அதை எடுக்காதீர்கள், வேலை முடிந்ததும் அளவைக் குறைந்தபட்சத்துக்கு இறக்கி வையுங்கள்.

வீல் நட்டுகளை எதிரெதிராக, இரண்டு மூன்று கட்டமாக இறுக்கணும், கடைசிக் கட்டம் ஜாக்கியை இறக்கிய பிறகு. 80 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ரென்ச் வைத்துப் பாருங்கள், மார்த்தாண்டத்திலிருந்து திருவனந்தபுரம் போய்த் திரும்பினாலே அந்தத் தூரம் வந்துவிடும். அலாய் வீல் என்றால் ஒரு நட்டாவது கிளிக் ஆவதற்கு முன் கொஞ்சம் திரும்பினாலும் திரும்பும்.