குண்டான பாம்பை இளைக்க வைக்கும்போது செய்யக் கூடாதவை

அமெரிக்கா, இங்கிலாந்து வீடுகளில் பரவலாக வளரும் பாம்பு கார்ன் ஸ்னேக். சாதுவானது, எலியைக் காட்டினால் அநேகமாக மறுக்காது. அதனாலேயே வளர்ந்த கார்ன் ஸ்னேக்குகளில் குண்டானவை நிறைய. உடம்பு பெருத்தால் கல்லீரலில் கொழுப்பு படியும், எனவே இளைக்க வைக்கத்தான் வேண்டும். ஆனால் அவசரப்பட்டால் பாம்புக்குத்தான் பாடு.

முதலில், அது கொழுப்புதானா? பெண் பாம்பு ஆணோடு சேராமலேயே முட்டை கட்டும். மலச்சிக்கலிலும் உடம்பு வீங்கும், கட்டியாகவும் இருக்கலாம். கொழுப்பு என்றால் வயிறு காலியாக இருக்கும்போதும் செதில்களுக்கு இடையே தோல் தெரியும், உடம்பை வளைக்கும் இடத்தில் மடிப்பு விழும். வாலைப் பாருங்கள்: மலத்துவாரத்திலிருந்து சீராகக் கூம்பாமல், தடித்து வந்து சட்டென்று ஒல்லியாகும். ஒரே இடத்தில் புடைப்பு இருந்தால், ஊர்வனவற்றைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

அடுத்தது, பெரிய தவறு: ஒரேயடியாகப் பட்டினி போடுவது. "பாம்புதானே, மாதக்கணக்கில் தாங்கும்" என்பார்கள். ஆரோக்கியமான பாம்பு தாங்கும். கொழுப்பேறிய கல்லீரலோடு இருக்கும் பாம்புக்கு, உடம்புக் கொழுப்பு மொத்தமாகக் கரைந்து வருவது இன்னொரு சுமை. இடைவெளியைத்தான் கூட்ட வேண்டும். வாரம் ஒரு எலி தின்ற பாம்புக்கு முதலில் பத்து நாளுக்கு ஒன்று, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒன்று, தேவைப்பட்டால் மூன்று வாரம். எலியின் அளவையும் ஒரு படி குறைக்கலாம். இங்கே ஒரு சிக்கல் உண்டு. பாம்பின் தடித்த பகுதியைவிட எலி தடிமனாக இருக்கக் கூடாது என்று ஒரு கணக்கு சொல்வார்கள். குண்டுப் பாம்பிடம் இந்தக் கணக்கு செல்லாது, அந்தத் தடிமனே கொழுப்புதானே!

தொட்டியின் கண்ணாடி அருகே வந்து நாக்கை நீட்டுகிறது என்பதற்காக மனம் இளகிவிடாதீர்கள். காட்டில் அடுத்த இரை எப்போது கிடைக்கும் என்று தெரியாத பிராணி அது. இப்போதுதான் தின்றிருந்தாலும் இன்னொன்று வந்தால் பிடிக்கும்.

உடற்பயிற்சி என்று தண்ணீரில் விட்டு நீந்த வைப்பது, உயிருள்ள எலியை உள்ளே விடுவது எல்லாம் வேண்டாம். முதலாவது அதைப் பதற வைக்கும். இரண்டாவதில் எலி கடித்துக் குதறிவிடும். தொட்டியின் நீளம் பாம்பின் நீளத்துக்காவது இருக்கட்டும், ஏறுவதற்கு உறுதியான கிளைகள் போடுங்கள். கார்ன் ஸ்னேக் நன்றாக மரம் ஏறும், இரவில் தானாகவே சுற்றும். இளைக்க வைக்கத் தொட்டியின் சூட்டைக் கூட்டிக் குறைத்துப் பார்க்கிற வேலையும் கூடாது.

எடை பார்க்க சமையலறை டிஜிட்டல் தராசும் மூடி போட்ட டப்பாவும் போதும். மாதம் ஒரு முறை, மலம் கழித்த பிறகு, அடுத்த இரை கொடுக்கும் முன்பு பாருங்கள். வளர்ந்த சுண்டெலி ஒன்றே 20 முதல் 30 கிராம் வரும், தின்ற மறுநாள் பார்த்த எடையை நம்ப முடியாது. முழுதாக இளைக்க ஒரு வருஷம்கூட ஆகலாம், அது சரிதான். எடை மளமளவென்று சரிந்தாலோ, தின்றதைக் கக்கினாலோ மருத்துவரிடம் போங்கள்.

அப்புறம், இளைத்துவிட்டது என்று பழையபடி வாரம் ஒரு எலிக்குத் திரும்பாதீர்கள். வளர்ந்த கார்ன் ஸ்னேக்குக்கு இரண்டு வாரத்துக்கு ஒன்று தாராளம்.